கலுங்கை அடைத்த அம்பலகாரர்

முன்னொரு காலத்தில், மலைக்குக் கிழக்கே, மழை பெய்தால்தான் சோறு என்றிருந்த சீமையில், நெடுங்கரை என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு ஒரு கண்மாய். கண்மாய்க்கு ஓர் அம்பலகாரர். அம்பலகாரருக்கு ஒரு பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்தின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். நடுவில் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எத்தனை தடவை சொன்னாலும் இந்தக் கதையில் எனக்குக் கோபம் ஆறுவதே இல்லை.

முதலில் கலுங்கு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கண்மாய்க் கரையில் ஓரிடத்தில் மட்டும் மண்ணைத் தாழ்த்திக் கல் பாவியிருப்பார்கள். அதுதான் கலுங்கு. கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் அந்த வழியாக இறங்கி, மறுகால் ஓடையில் விழுந்து, கீழே உள்ள ஊருக்குப் போய்ச் சேரும். கலுங்கின் மேலே ஆள் உயரக் கற்கள் வரிசையாக நிற்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே களிமண்ணையும் வைக்கோலையும் குழைத்து அடைத்து வைப்பார்கள். மழை குறைந்த வருசத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் பிடிக்க அது உதவும். கண்மாய் நிறைந்துவிட்டால் அந்த மண்ணைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்காவிட்டால் தண்ணீர் கரையைப் பிடுங்கிவிடும்.

நெடுங்கரையில் இதற்கு ஒரு முறை உண்டு. முதல் மண்ணை அம்பலகாரர் வீட்டுக் கைதான் எடுக்க வேண்டும். அவர் கலுங்கில் இறங்கி, கல்லை ஒட்டி மண்டியிட்டு, பக்கத்து இடுக்கில் கைவிட்டு ஒரு பிடி களிமண்ணைப் பிடுங்குவார். கலுங்கை ஒட்டிய மேட்டில், வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும் ஐயனார் காலடியில் அதை வைப்பார். வைத்துவிட்டு, "நிறைஞ்சது சாமி, மிச்சம் உன்னுது" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் மற்றவர்கள் மண்வெட்டியைத் தொடுவார்கள். மறுகால் பாயும். கீழே இருக்கும் தாழையூரில் குலவை கேட்கும். அவர்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது. அவர்கள் குடிக்கும் ஊருணி நிறைவதும், வயல் நனைவதும், பானை நிறைவதும் அந்த மிச்சத்தில்தான்.

ஊருக்குத் தலைவரான அந்த அம்பலகாரர் பெயர் ஆதப்பர். நல்ல மனிதர்தான். இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். கைநீட்டி வந்தவனுக்கு நெல் அளந்து போட்டவர். ஐயனாருக்கு மண்குதிரை எடுத்தவர். ஒரே மகனுக்குச் சாத்தப்பன் என்று அந்தச் சாமி பெயரையே வைத்தவர். சாத்தப்பன் தாழையூரில் பெண் எடுத்தான். அழகுநாச்சி என்று பெயர். வாய்த்துடுக்கான பெண், ஆனால் வஞ்சனை தெரியாதவள்.

ஒரு மழைக்காலத்தில் சாத்தப்பனுக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் வந்து நாடி பார்த்துவிட்டு, மருந்துப் பையைக் கட்டிக்கொண்டு போனார். ஆதப்பர் ஐயனாரைச் சுற்றி ஈரத்துணியோடு உருண்டார். கெஞ்சினார். என் உயிரை எடுத்துக்கொள், அவனை விடு என்று அழுதார். அந்த நேரம் பார்த்துக் கண்மாய் நிறைந்துவிட்டது. ஊர் கூப்பிட்டது. போனார், மண்டியிட்டார், முதல் மண்ணைப் பிடுங்கினார், "மிச்சம் உன்னுது" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, வீட்டிலிருந்து ஆள் ஓடி வந்தது. மகன் போய்விட்டான்.

யோசித்துப் பாருங்கள். அவர் சாமி முன்னால் முட்டி போட்டிருந்த நேரத்தில் பிள்ளை உயிர் போயிருக்கிறது. எந்தத் தகப்பனுக்குத்தான் வயிறு எரியாது? எனக்கும் எரிகிறது. அவர் அன்றைக்கு ஐயனாரைப் பார்த்துக் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

"மிச்சந்தானே உன்னுதுன்னு சொன்னேன்? என் மகன் மிச்சமா? முழுசையும் எடுத்துக்கிட்டியே."

கேட்கட்டும். நியாயமான கேள்வி. கேட்டுவிட்டு அங்கேயே விழுந்து அழுதிருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். நானும் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அவர் அழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். இனி இவனிடம் தலை குனிய மாட்டேன், கை கூப்ப மாட்டேன், மண்டியிட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அன்றைக்கு நிமிர்ந்த கழுத்து பிறகு குனியவே இல்லை.

அதோடு விட்டாரா? மகனை எரித்த சாம்பலை ஓடும் தண்ணீரில் கரைக்க வேண்டும். நெடுங்கரையில் எல்லார் சாம்பலும் மறுகால் ஓடையில்தான் கரையும். ஆதப்பர் கரைக்க மாட்டேன் என்றார். "இதையும் அவனுக்குக் குடுக்கணுமா? குடுத்தது போதும்." சாம்பலைக் கலயத்தில் போட்டு வாயை மெழுகி மூடினார். மழை நின்று ஓடை வறண்டதும், கலுங்குக்கு நேர் கீழே, ஓடையின் நட்டநடுவில் செங்கல் வைத்து ஒரு மேடை கட்டினார். கலயத்தை அதற்குள் வைத்துப் பூசினார். கட்டி முடித்துவிட்டு ஐயனார் பக்கம் திரும்பி, "இந்த வழி இனிமே உனக்குக் கிடையாது" என்றார்.

இதென்ன கூத்து என்று கேட்கிறீர்களா? ஊரில் ஒருவன் கேட்கவில்லையே. அதுதான் எனக்கு ஆத்திரம்.

வீட்டில் சாமி விளக்கு ஏற்றக்கூடாது என்றார். அவர் மனைவி உமையாள் வாயைத் திறக்காமல் விளக்கை எடுத்துப் பரணில் போட்டாள். அழகுநாச்சி மட்டும் அவர் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"அவரு படுத்த இடத்துல ஒரு விளக்கு வைக்கக்கூடவா மாமா கூடாது?"

"எவன் எடுத்துக்கிட்டுப் போனானோ அவனுக்கு என் வீட்டுல வெளிச்சம் கிடையாது. விளக்குத்தான் வேணும்னா உங்கப்பன் வீட்டுல போய் ஏத்திக்க."

தாலி இழந்து ஈரம் காயாத பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது? அவள் ஒரு சேலையை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு தாழையூருக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. உமையாள் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போய், அதற்குமேல் போகத் துணியாமல் நின்றாள்.

அடுத்த மழைக்காலம் வந்தது. கண்மாய் நிறைந்தது. ஊர் கலுங்கில் கூடியது. ஆதப்பர் வந்தார், நின்றார், பார்த்தார். "அடைப்பு மேல இன்னொரு வரி மண்ணு வைங்கடா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருசம் மழை அளவாகப் பெய்து நின்றது. கரைக்கு ஒன்றும் ஆகவில்லை. தாழையூர் ஊருணிக்கு மட்டும் ஒரு சொட்டு இறங்கவில்லை.

இப்போது ஊர்ப் பெரிய மனிதர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிப்போகும். அவர்கள் நாலைந்து பேர், வெள்ளை வேட்டிக்காரர்கள். அம்பலகாரர் பிடிவாதத்தில் அவர்களுக்கு நல்ல லாபம். மறுகால் போகாத தண்ணீரில் அவர்கள் இன்னொரு போகம் நட்டார்கள். ஆதப்பர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, "சாமியவே கட்டிப்போட்ட கை ஐயா உங்க கை" என்றார்கள். "மறுகால்ல போறது வீண் தண்ணிதானே" என்றார்கள். எது வீண் தண்ணீர்? தாழையூர்ப் பிள்ளைகள் குடித்த தண்ணீர் வீண் தண்ணீரா? அங்கே பெண்கள் காய்ந்த ஊருணியில் குழி தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் சேற்றுத் தண்ணீரை மொண்டு துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதன் துக்கத்தில் புத்தி தடுமாறி நிற்கும்போது தோளைத் தட்டித் திருப்பாமல், அவன் துக்கத்தில் நெல் விளைய வைத்தவர்களை என்னவென்று சொல்வது? நீங்களே ஒரு வார்த்தை தேடிக்கொள்ளுங்கள்.

அதற்கடுத்த வருசமும் அப்படியே. இன்னொரு வரி மண். அதற்கு மேல் இன்னொரு வரி. வெயிலில் காய்ந்து அந்தக் களிமண் செங்கல் போல இறுகிவிட்டது. அதைத் தொடுகிறவன் கையை வெட்டுவேன் என்று சொல்லி, கலுங்கில் தடிக்காரர்களைக் காவல் வைத்தார் ஆதப்பர். தினமும் காலையில் மேடைக்குப் போவார். பக்கத்தில் உட்கார்ந்து, செங்கல்லில் கை வைத்து, கண்மாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே உட்கார்ந்திருக்கும்போதுகூட அவருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை. நெஞ்சில் ஏதோ முட்டும், தொண்டை வரைக்கும் வரும், வந்ததை விழுங்குவார். அழுதால் அவன் ஜெயித்துவிட்டான் என்று அர்த்தமாகிவிடும் என்று நினைத்தார். சாமி என்ன அவரோடு சடுகுடா விளையாடிக்கொண்டிருந்தது, ஜெயிப்பதற்கும் தோற்பதற்கும்?

பிறகு அந்த மழை வந்தது.

சாமி கோபத்தில் அனுப்பிய மழை என்று சிலபேர் இந்தக் கதையைச் சொல்வார்கள். என் முன்னால் அப்படிச் சொல்லாதீர்கள். மழை யாரையும் பழிவாங்க வருவதில்லை. பெய்வது அதன் வேலை, பெய்தது. திறந்துவிட வேண்டியது மனிதன் வேலை. அவன்தான் செய்யவில்லை.

மழை விடாமல் பெய்தது. மலையிலிருந்து காட்டாறு இறங்கிக் கண்மாயில் விழுந்தது. தண்ணீர் பழைய அளவைத் தாண்டியது, புது மண்ணின் முதல் வரியைத் தாண்டியது, அடுத்த வரியையும் தாண்டி மேல் வரியைத் தொட்டது. கரையின் வெளிப்பக்கம் நண்டு வளைகள் வழியாகத் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. கரை உடைந்தால் நேர் கீழே தாழையூர். ஊரை விட்டு ஓடலாம் என்றால் சுற்றிலும் சேறும் வெள்ளமும். கிழவிகளையும் கைப்பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது?

முதலில் அடைக்கலம் வேளார் வந்தார். ஐயனாருக்குக் குதிரை செய்பவரும் அவர்தான், பூசை வைப்பவரும் அவர்தான். நனைந்த துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆதப்பர் வாசலில் நின்றார்.

"ஐயா, கரை கசியுது. நண்டு வளையெல்லாம் ஊத்துக் கண்ணா ஆயிருச்சு. கலுங்கத் திறந்து விட்ருங்க."

"உன் சாமிக்குத் தண்ணி வேணுமாக்கும்? வந்து எங்கிட்ட நேரா கேக்கச் சொல்லு."

"சாமி கேக்கலைங்க ஐயா. நாந்தான் கேக்குறேன். தாழையூர்ல அத்தன சனம் இருக்கு."

"அன்னைக்கு நான் கேட்டேனே வேளாரே. உங்க சாமி காதுல விழுந்துச்சா?"

தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்கிற பூசாரி இல்லை வேளார். தலையைக் குனிந்துகொண்டு மண்வெட்டியை எடுத்து நண்டு வளைகளை அடைக்கப் போனார்.

அடுத்து உமையாள் வந்தாள். மகன் செத்த நாளிலிருந்து அவள் புருசனிடம் சாப்பிட வாங்க என்பதைத் தவிர வேறு பேசியதில்லை. அன்றைக்கு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"அன்னைக்கு நீங்க கலுங்குல இருந்தீங்க. நான் அவன் தலைமாட்டுல இருந்தேன். கடைசியா என்ன கேட்டான்னு ஒரு நாளாவது எங்கிட்டக் கேட்டீங்களா?"

"உமையா, பேசாத."

"பேசுவேன். எத்தன வருசமா பேசாம இருந்துட்டேன். 'அப்பா கலுங்கத் திறந்துட்டாரா, தாழையூருக்குத் தண்ணி போயிருச்சா'ன்னுதான் கேட்டான். போயிருச்சுய்யான்னு சொன்னேன். அப்புறந்தான் கண்ண மூடினான்."

ஆதப்பர் கையில் இருந்த செம்பு கீழே விழுந்து உருண்டது. ஒரு கணம் அவர் முகம் கோணியது. இப்போது உடைவார், இப்போது அழுவார் என்று உமையாள் பார்த்தாள். அவர் விழுங்கிக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி மேடைக்குப் போய்விட்டார். பெற்றவள் வாயிலிருந்து பிள்ளையின் கடைசிப் பேச்சைக் கேட்ட பிறகும் ஒருவன் வணங்காமல் போகிறான் என்றால், அந்த நெஞ்சை என்ன மண்ணால் அடைத்திருப்பான்? எனக்கு இந்த இடத்தில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கும்.

மேடைக்கருகே அவர் நின்றபோது எதிரே ஓடைக் கரையில் சனம் வருவது தெரிந்தது. தாழையூர் ஆட்கள் மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் அழகுநாச்சி. சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். தலைமுடியெல்லாம் நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது.

தடிக்காரர்கள் குறுக்கே வந்தார்கள். தாழையூர் ஆட்கள் நின்றுவிட்டார்கள். தடிக்குப் பயந்து மட்டுமல்ல. அம்பலகாரர் வீட்டுக் கை படாமல் கலுங்கைத் தொட்டால் கலுங்கு ஆளை எடுத்துவிடும் என்று அவர்களுக்குப் பரம்பரையாக ஒரு பயம். அழகுநாச்சி மட்டும் நிற்கவில்லை.

"அம்பலகாரர் வீட்டுக் கைதானே வேணும்? நான் யாரு? அந்த வீட்டு மருமக. நகருங்க."

தடிக்காரர்கள் ஆதப்பரைப் பார்த்தார்கள். அவர் மேடையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"நாச்சி, அத எடுத்தா இந்த மேடை போயிரும். உன் புருசன் இதுக்குள்ள இருக்கான்."

"அதுக்குள்ள இருக்கறது சாம்பல் மாமா. அவரு எங்க ஊருக்குத் தண்ணி போச்சான்னு கேட்டுட்டுச் செத்தாரு. அன்னைக்கு அத்த பக்கத்துல நானுந்தான் இருந்தேன். உங்களுக்கு மட்டுந்தான் மகன் செத்தானா? எனக்குப் புருசன் சாகலையா? அத்தைக்குப் பிள்ள சாகலையா? உங்க சண்ட சாமியோட. எங்க ஊரு என்னா பண்ணுச்சு உங்கள?"

அவள் பதிலுக்காக நிற்கவில்லை. தடிக்காரர்களை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கலுங்கில் ஏறினாள். கல் இடுக்கில் இறுகிக் கிடந்த களிமண்ணை நின்றபடியே இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

அந்த மண்ணை நின்றுகொண்டு எடுக்க முடியாது. அம்பலகாரர் வீட்டு ஆண்களுக்கு இது தெரியும். தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுப்பான். முட்டி போட்டு, உடம்பைக் கல்லின் பின்னால் ஒட்டிவைத்து, கையை மட்டும் இடுக்கில் விட வேண்டும். அப்போது சீறி வருகிற தண்ணீர் ஆளை விட்டுவிட்டுப் பக்கத்தால் போகும். நிமிர்ந்து நின்று இழுத்தால் மார்பில் அடித்துத் தூக்கி எறிந்துவிடும். ஆதப்பர் தன் கையாலேயே சாத்தப்பனுக்கு இதைப் பழக்கியவர். பழக்கியும், மண்டியிடச் சொன்னது சாமியின் ஜம்பத்துக்காக என்றே இத்தனை வருசமாகப் பொருமிக்கொண்டிருந்தார். சாமிக்கு உன் முட்டி எதற்கு ஐயா? உன் உயிருக்காகச் சொல்லி வைத்த முறை அது.

அழகுநாச்சி இழுத்தாள். மேல் வரியில் ஒரு கட்டி பெயர்ந்தது. உள்ளே காத்திருந்த தண்ணீர் அவள் மார்பில் அறைந்தது. அவள் மல்லாந்து கலுங்கின் பாவுகல்லில் விழுந்து சறுக்கினாள். கைக்குக் கிடைத்த ஒரு கல்லின் விளிம்பைப் பற்றித் தொங்கினாள். கீழே ஓடையில் விழுந்தால் பாறை.

ஆதப்பர் ஓடினார். நினைத்து ஓடவில்லை, கால் ஓடியது. மேடையை விட்டுவிட்டு, தடிக்காரனை இடித்துத் தள்ளிவிட்டு, கலுங்கில் ஏறினார். கல்லின் பின்னால் பொத்தென்று மண்டியிட்டார். உடம்பைக் கல்லோடு ஒட்டி, ஒரு கையால் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். அவள் இருமிக்கொண்டே அவருக்குப் பின்னால் வந்து ஒடுங்கினாள்.

அப்போதுதான் அவருக்குத் தன் முட்டி கல்லில் இருப்பது தெரிந்தது. நேர் எதிரே, மழையில் நனைந்துகொண்டு, ஐயனார் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. முறைக்கவில்லை, சிரிக்கவில்லை. ஆதப்பர் இத்தனை வருசம் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட நாளெல்லாம் அவர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.

ஆதப்பர் இடுக்கில் கையை விட்டார். மண் இறுகிப் போயிருந்தது. நகம் பெயர்ந்தது. தோள் வரைக்கும் கையை நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினார். ஒரு பிடி களிமண் வந்தது. இடுக்கு வழியே தண்ணீர் பீறிட்டு ஓடையில் விழுந்து மேடையின் கால்மாட்டைத் தொட்டது.

இரண்டு ஊர்ச் சனமும் மண்வெட்டியோடு நின்றது. யாரும் அசையவில்லை. அவர் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாரும் பிடுங்குவார்கள், மறுகால் பாயும், மேடை போய்விடும். சொல்லாவிட்டால் கரை போய்விடும். கரையின் மேலிருந்து வேளார், "ஐயா, சீக்கிரம்" என்று கத்தினார். அவர் நின்ற இடத்தில் மண் பிளந்துகொண்டிருந்தது.

ஆதப்பர் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தார். பிறகு ஐயனாரிடம் தவழ்ந்தபடியே போனார். காலடியில் மண்ணை வைத்தார். "நிறைஞ்சது சாமி" என்றார். மிச்சம் என்ற சொல் அவர் வாயில் வர மறுத்தது. எப்படி வரும்? மகனை மிச்சம் என்று அவரால் சொல்ல முடியாது.

அப்போதுதான் அவர் உடைந்தார். வருசக்கணக்காக விழுங்கியதெல்லாம் ஒன்றாக மேலே வந்தது. சாமியின் கல்லுக் காலைக் கட்டிக்கொண்டு பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் அழுகிற அழுகையை அழுதார். அழுதுகொண்டே சொன்னார்.

"நிறைஞ்சது சாமி. எல்லாம் உன்னுது. என் மகனும் உன்னுது. எனக்கு உம்மேல கோவம் போகல. போகவே இல்ல. அந்தக் கோவமும் உன்னுது, அதையும் நீயே எடுத்துக்க. என்னால தூக்க முடியல."

சனம் பாய்ந்தது. நெடுங்கரை ஆளும் தாழையூர் ஆளும் கல்லுக்குக் கல் மண்டியிட்டு மண்ணைப் பிடுங்கினார்கள். தடிக்காரர்கள் தடியாலேயே அடைப்பைக் குத்திப் பெயர்த்தார்கள். மறுகால் இரைந்துகொண்டு இறங்கியது. மேடை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. செங்கல் உருண்டது, கலயம் மிதந்தது, ஒரு பாறையில் மோதி உடைந்தது. சாம்பல் தண்ணீரில் கலந்து தாழையூர்ப் பக்கம் போனது. ஆதப்பர் பார்த்துக்கொண்டே நின்றார். அழகுநாச்சி அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஓடையைப் பார்த்துக் கை கூப்பினாள்.

உமையாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, "போயிட்டான் உமையா" என்றார்.

"அவன் எப்பவோ போயிட்டான். நீங்கதான் இப்ப வந்திருக்கீங்க" என்றாள் அவள்.

கரை தாங்கியது. தாழையூரில் சில வயல்களில் மணல் ஏறியது, ஓடையோரக் குடிசைகள் சில விழுந்தன. முன்னமே திறந்திருந்தால் அதுவும் விழுந்திருக்காது. அந்தக் குடிசைகளை ஆதப்பர் தன் செலவில், தன் ஆளை வைத்து, தானும் கூடமாட மண் சுமந்து கட்டிக் கொடுத்தார். உயிர் ஒன்றும் போகவில்லை. அந்த வெள்ளை வேட்டிக்காரர்கள் எங்கே என்கிறீர்களா? கரை கசிகிறது என்று தெரிந்தவுடனேயே மூட்டை கட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போய்விட்டார்கள். வெயில் அடித்ததும் இறங்கி வந்து, "அம்பலகாரர் திறப்பார்னு எங்களுக்குத் தெரியும்" என்றார்கள். அவர்களுக்கு உட்கார இப்போது ஆதப்பர் வாசலில் இடம் கிடைக்கவில்லை.

ஆதப்பர் அழகுநாச்சியை வீட்டுக்குக் கூப்பிட்டார். அவள் உடனே வந்துவிடவில்லை. ஏன் வர வேண்டும்? "மொதல்ல அந்த வீட்டுல விளக்கு எரியட்டும் மாமா. அப்புறம் பாக்கலாம்" என்றாள். அன்று பொழுது சாய்வதற்குள் ஆதப்பரே பரணில் ஏறி, விளக்கை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். உமையாள் ஏற்றினாள். அடுத்த வெள்ளிக்கிழமை அழகுநாச்சி வந்து எண்ணெய் ஊற்றினாள். அதன் பிறகு இரண்டு ஊருக்கும் போய்வந்துகொண்டு இருந்தாள்.

ஆதப்பர் மாறிவிட்டாரா என்றால், சாமியிடம் கேட்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. கண்மாய் நிறைகிற வருசமெல்லாம் மண்டியிட்டு மண் எடுத்தார், காலடியில் வைத்தார், "ஏன் எடுத்த?" என்று கேட்டார். சாமி அதற்குப் பதில் சொன்னதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் கேட்கும்போது அவர் தலை குனிந்திருந்தது, கண்ணில் தண்ணீர் ஓடியது, மறுகாலும் ஓடியது.

அவருக்குப் பின்னாலும் நெடுங்கரையில் முதல் மண் எடுக்கிற கை, மிச்சம் உன்னுது என்று சொல்வதில்லை. "நிறைஞ்சது சாமி, எல்லாம் உன்னுது" என்றுதான் சொல்கிறது.

ஆகவே கேட்டவர்கள் எல்லாரும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்: ஆண்டவனிடம் அழலாம், கோபப்படலாம், ஏன் என்று சண்டைகூடப் போடலாம், ஆனால் அவனுக்கு எதிராக நெஞ்சை அடைத்து வைக்கக்கூடாது, ஏனென்றால் அடைத்த நெஞ்சு உடையும்போது அடைத்தவனோடு நிற்காமல் கீழே இருக்கிற ஊரையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும்.